பெயர்கள் எழுதிய நோட்டு

"ஏன்ணா, ஸ்பீக்கர் போயிருச்சா?"

நான் இப்படிக் கேட்டது 2002இல், கோவையில் ஒரு பொறியியல் கல்லூரி விடுதியின் மூன்றாம் மாடியில். எங்கள் வரிசையில் அந்த ஓர் அறையில்தான் கம்ப்யூட்டர் இருந்தது. அறையிலிருந்த சீனியரின் அண்ணன் நியூ ஜெர்சியில் வேலை பார்த்தார். ஊருக்கு வந்தபோது அவர் கொடுத்துவிட்டுப் போன சி.டி.க்களில் ஒன்று ஓடிக்கொண்டிருந்தது. பழைய டவுன் பஸ் இறக்கத்தில் பிரேக் பிடித்தால் ஒரு கிறீச்சொலி வருமே, அதுபோல ஒன்று. ஒருமுறை வந்து போயிருந்தால் பரவாயில்லை. ட்ரம்ஸோடு சேர்ந்து நிற்காமல் திரும்பத் திரும்ப வந்துகொண்டே இருந்தது.

"போகலடா. பாட்டே அதான்," என்றார் அவர்.

அந்தப் பாட்டின் பெயர் 'ரெபல் வித்தவுட் எ பாஸ்'. பாடியவர்கள் பப்ளிக் எனிமி என்ற அமெரிக்க ராப் குழு. ஆல்பத்தின் பெயரை ஒரே மூச்சில் சொல்வது கஷ்டம்: 'இட் டேக்ஸ் எ நேஷன் ஆஃப் மில்லியன்ஸ் டு ஹோல்ட் அஸ் பேக்'. எங்களைப் பிடித்து நிறுத்த வேண்டுமென்றால் கோடிக்கணக்கான பேர் கொண்ட ஒரு நாடே திரண்டு வர வேண்டும் என்கிற சவால். வெளிவந்தது 1988இல். 16 தடங்கள், 58 நிமிடத்துக்குக் கொஞ்சம் குறைவு. அட்டையில் குழுவின் பாடகர்கள் சக் டியும் ஃப்ளேவர் ஃப்ளேவும் சிறைக் கம்பிகளுக்குப் பின்னால் நிற்கிறார்கள். ஃப்ளேவின் கழுத்தில் ஒரு பெரிய கடிகாரம்.

இருபது வருடங்களுக்கு மேலாகக் கேட்டுக்கொண்டிருக்கிறேன். நல்ல கருத்து சொன்ன ஆல்பங்கள் அந்தக் காலத்தில் நிறையவே வந்தன. பலவற்றை மதிக்கிறேன், ஆனால் திரும்ப எடுத்துப் போடுவதில்லை. இதை மட்டும் வருடத்துக்கு நாலைந்து முறையாவது முதலிலிருந்து கடைசிவரை கேட்கிறேன். ஏன் என்று யாராவது கேட்டால் என் அலமாரியில் இருக்கும் 80 பக்க நோட்டைத்தான் எடுத்துக் காட்ட வேண்டும்.

நான் பன்னிரண்டாம் வகுப்புவரை தமிழ் மீடியம். ஆங்கிலம் எழுத வரும், படித்தால் புரியும். ராப் வேகத்தில் வரும் ஆங்கிலம் காதில் ஏறவே இல்லை. அதிலும் சக் டியின் குரல் மேடைப் பேச்சாளர் குரல் மாதிரி கனமாக வந்து இறங்கும். கூடைப்பந்து வர்ணனையாளர் மார்வ் ஆல்பர்ட்டின் பேச்சைக் கேட்டுக் கேட்டுத்தான் தன் பாணியை உருவாக்கிக்கொண்டதாக அவரே சொல்லியிருக்கிறார். பாதி புரியாமல் கேட்டபோதும் எனக்குப் பிடிபட்டவை பெயர்கள். பெயருக்கு அகராதி தேவையில்லையே. வேகமாக ஓடும் வரிகளுக்கு நடுவே கோல்ட்ரேன், மண்டேலா, ஃபராகான், வெசி, ப்ராசர் என்று பெயர்கள் தலைதூக்கும். பிரவுசிங் சென்டருக்குப் போய் வரிகளைத் தேடி பிரிண்ட் எடுத்தேன். பெயர்களை மட்டும் அடிக்கோடிட்டு ஒரு கோடு போடாத நோட்டில் எழுதினேன். ஒவ்வொரு பெயருக்கும் எதிரே பிறந்த வருடம், ஒரு சின்னக் கோடு, இறந்த வருடம். உயிரோடு இருப்பவர்களுக்குக் கோட்டுக்குப் பின்னால் இடத்தைக் காலியாக விட்டேன். பெயருக்குக் கீழே நாலு வரியில் அவர் யார் என்ற குறிப்பு. நோட்டு முழுக்க அவ்வளவுதான்.

அது வெறும் மாணவப் பழக்கமாக நின்றுபோகாமல் இருந்ததற்குக் காரணம் 'நைட் ஆஃப் தி லிவிங் பேஸ்ஹெட்ஸ்' என்ற பாட்டின் தொடக்கம். காலித் முகமது என்ற பேச்சாளரின் குரல் அதில் வருகிறது. அடிமைகளாக இங்கே, அமெரிக்காவுக்கு, கொண்டுவரப்பட்டபோது எங்கள் பெயர் பறிக்கப்பட்டது, மொழி பறிக்கப்பட்டது, மதமும் பண்பாடும் கடவுளும் பறிக்கப்பட்டன என்று சொல்லிக்கொண்டே போகிறது அந்தக் குரல். பட்டியலில் முதலில் வருவது பெயர். நிலம்கூட அல்ல, பெயர். அதைக் கேட்ட பிறகுதான் இந்த ஆல்பம் முழுக்க ஏன் இத்தனை பெயர்கள் என்பது எனக்குப் பிடிபட்டது. பறிபோனவற்றைத் தேடி எடுத்துக் கூட்டத்தின் நடுவே உரக்க வாசிக்கிறார்கள்.

வெசியும் ப்ராசரும் 'ப்ராஃபெட்ஸ் ஆஃப் ரேஜ்' பாட்டில் அடுத்தடுத்து வருகிறார்கள். அரை விநாடிகூட இல்லை. அந்த அரை விநாடிக்காக நான் செலவிட்ட நாட்கள் அதிகம்.

டென்மார்க் வெசி தென் கரோலினாவின் சார்ல்ஸ்டன் நகரத்தில் அடிமையாக வாழ்ந்தவர். வெசி என்பது அவரை வாங்கிய கப்பல் கேப்டனின் பெயர். 1799இல் அவருக்கு நகர லாட்டரியில் 1,500 டாலர் விழுந்தது. அதில் 600 டாலர் கொடுத்துத் தன்னைத் தானே விலைக்கு வாங்கிக்கொண்டார். தச்சு வேலை செய்து பிழைத்தார். மனைவியையும் பிள்ளைகளையும் மீட்கப் பணத்தோடு போனால் அவர்களின் உடைமையாளர்கள் விற்க மறுத்தார்கள். நகரத்தின் கறுப்பர்கள் தமக்கென்று ஏற்படுத்திக்கொண்ட ஆப்பிரிக்க மெதடிஸ்ட் திருச்சபையில் அவர் முக்கியமானவராக இருந்தார். 1822இல் ஒரு பெரிய கிளர்ச்சிக்குத் திட்டமிட்டதாகக் குற்றம் சாட்டி, மூடிய அறைக்குள் விசாரித்து, ஜூலை 2 அன்று தூக்கிலிட்டார்கள். அவரோடு சேர்த்து மொத்தம் 35 பேர் தூக்கில் போடப்பட்டார்கள். அவர்களுடைய கோயிலும் இல்லாமல் ஆக்கப்பட்டது.

இதை 2003 வாக்கில் எழுதி வைத்திருந்தேன். 2015 ஜூன் 17 அன்று சார்ல்ஸ்டனில் ஒரு வெள்ளை இன வெறியன் பைபிள் வகுப்பில் உட்கார்ந்திருந்த ஒன்பது பேரைச் சுட்டுக் கொன்றான் என்று செய்தி வந்தது. இமானுவேல் ஆலயம். பெயரைப் படித்தவுடனே எனக்குக் கை நடுங்கியது. வெசியின் அதே திருச்சபைதான். உள்நாட்டுப் போர் முடிந்து 1865இல் அதை மறுபடியும் எழுப்பியபோது கட்டடத்தை வடிவமைத்தவர் வெசியின் மகன் ராபர்ட். கொலைகாரன் அந்த ஆலயத்தின் பழைமையைத் தெரிந்துகொண்டுதான் அங்கே போயிருந்தான். டிவியில் பேசியவர்கள் அதை விளக்கிக்கொண்டிருந்தார்கள். எனக்கு அது விளக்கம் இல்லாமலே தெரிந்திருந்தது. ஒரு ராப் பாட்டின் அரை விநாடி சொல்லிக்கொடுத்திருந்தது.

கேப்ரியல் ப்ராசர் வர்ஜீனியாவில் ரிச்மண்டுக்குப் பக்கத்தில் இருந்த கொல்லர். 1800 ஆகஸ்டில் கிளர்ச்சிக்கு நாள் குறித்தார். அன்று இரவு கொட்டிய மழையில் பாதைகளும் பாலங்களும் போய்விட்டன. கூடவே காட்டிக்கொடுப்பும் நடந்தது. அக்டோபரில் தூக்கு. ப்ராசர் என்பதும் உடைமையாளரின் குடும்பப் பெயர்தான். இரண்டு பேருமே தங்களை அடிமைப்படுத்தியவர்களின் பெயராலேயே வரலாற்றில் நிற்கிறார்கள். கறுப்பின உரிமைத் தலைவர் மால்கம் தன் பெயருக்குப் பின்னால் 'எக்ஸ்' போட்டுக்கொண்டதன் அர்த்தம் இந்த இரண்டு குறிப்புகளையும் எழுதியபோதுதான் எனக்கு முழுதாக விளங்கியது. தொலைந்துபோன குடும்பப் பெயர் என்னவென்று தெரியாது, அந்தத் தெரியாததுதான் அந்த எக்ஸ்.

மால்கம் எக்ஸின் குரல் 'பிரிங் தி நாய்ஸ்' பாட்டின் வாசலிலேயே நிற்கிறது. "டூ பிளாக், டூ ஸ்ட்ராங்" என்ற நான்கு சொற்கள் வெட்டி ஒட்டப்பட்டுத் திரும்பத் திரும்ப வருகின்றன. அதிகக் கறுப்பு, அதிக வலு. நான் முதலில் அதை வீரவசனம் என்று நினைத்தேன். பிறகு அது எங்கிருந்து எடுக்கப்பட்டது என்று தேடினேன். 1963 நவம்பரில் டெட்ராய்ட்டில் அவர் பேசிய பேச்சு. பேசுவது காபியைப் பற்றி!

அந்த வருடம் ஆகஸ்டில் வாஷிங்டனில் நடந்த கறுப்பின உரிமைப் பேரணியைத்தான் அவர் விமர்சிக்கிறார். அடித்தட்டு மக்களின் கோபத்திலிருந்து தானாகக் கிளம்பியதை மேலே இருப்பவர்கள் வந்து கலந்து சாந்தப்படுத்திவிட்டார்கள் என்பது அவர் வாதம். காபி ரொம்பக் கறுப்பாக, ரொம்ப வலுவாக இருந்தால் என்ன செய்கிறோம்? கிரீமை ஊற்றுகிறோம். ஊற்ற ஊற்ற அது காபியாக இருந்ததே தெரியாமல் போகிறது. சூடாக இருந்தது ஆறிப்போகிறது. எழுப்பிவிட வேண்டியது தூங்கவைக்கிறது. டிகாக்ஷனையும் பாலையும் தினமும் கண்ணால் பார்க்கும் வீட்டில் வளர்ந்தவனுக்கு இதைவிட எளிமையாக அரசியலை யாரும் சொல்லிவிட முடியாது. பப்ளிக் எனிமி காபியை விட்டுவிட்டு அந்த நான்கு சொற்களை மட்டும் எடுத்துக்கொண்டார்கள். பேச்சு தெரிந்தவருக்கு மீதி தானாகவே நினைவுக்கு வரும். தெரியாதவர் தேடிப் போவார். நான் போனேன்.

இந்தத் தேடவைக்கும் குணம் அவர்களுக்கு எங்கிருந்து வந்தது? சக் டியின் இயற்பெயர் கார்ல்டன் ரைடன்ஹவர். வளர்ந்தது நியூயார்க் நகரத்துக்குக் கிழக்கே, லாங் ஐலண்டில் ரூஸ்வெல்ட் என்ற ஊரில். ஹிப் ஹாப் பிறந்த பிராங்க்ஸ் பகுதியின் இடிந்த கட்டடங்கள் இங்கே இல்லை. வேலைக்குப் போகும் கறுப்பினக் குடும்பங்கள் சொந்த வீடு வாங்கிக் குடியேறிய ஊர். எழுபதுகளின் தொடக்கத்தில், ஆப்பிரிக்க அமெரிக்க வரலாற்றைச் சொல்லித்தரும் கோடைகால வகுப்புகள் அந்தப் பகுதிப் பல்கலைக்கழக வளாகங்களில் நடந்தன. சொல்லித்தந்தவர்களில் கறுப்பின உரிமைக்காகப் போராடிய பிளாக் பேந்தர் இயக்கத்தைச் சேர்ந்தவர்களும் மாணவர்களும் இருந்தார்கள். பிள்ளையாக சக் டி அந்த வகுப்பில் உட்கார்ந்திருக்கிறார். பிற்காலத்தில் அவரோடு சேர்ந்த ஹேங்க் ஷாக்லியும் ப்ரொஃபஸர் கிரிஃபும் அங்கே படித்தவர்கள்தான். பள்ளிப் பாடப்புத்தகத்தில் இல்லாத பெயர்கள் அவர்களுக்குப் பத்துப் பதினொரு வயதிலேயே தெரிந்துவிட்டன. அப்புறம் அடெல்ஃபி பல்கலைக்கழகத்தில் கிராஃபிக் டிசைன் படிப்பு, அங்கிருந்த மாணவர் வானொலி டபிள்யூ.பி.ஏ.யு.வில் நிகழ்ச்சி. குறிவட்டத்துக்குள் ஒரு மனிதன் நிற்கும் பப்ளிக் எனிமி சின்னத்தை வரைந்ததும் அவரே. இந்த ஆல்பம் வந்தபோது அவருக்கு 28 வயது ஆகப்போகிறது. பதினெட்டு, பத்தொன்பது வயதுப் பையன்கள் கோலோச்சிய இசையில் அது அதிகம்தான். அந்த வயது அவருக்கு உதவியது என்றே நினைக்கிறேன். கோபத்தைப் பத்து வருடம் பொறுமையாகச் சேர்த்து வைத்திருந்த ஆளின் குரல் அது.

ஆனால் பெயர்களுக்காக மட்டும் ஒரு ஆல்பத்தை இத்தனை வருடம் கேட்க முடியாது. பெயர்களைத் தெரிந்துகொள்ள நூலகம் போதும். இங்கே அந்தப் பெயர்கள் வந்து விழும் சத்தம் இருக்கிறது. அதைச் செய்தவர்கள் பாம் ஸ்குவாட் என்ற குழு: ஹேங்க் ஷாக்லி, அவருடைய தம்பி கீத், எரிக் சாட்லர், அப்புறம் சக் டி. சாட்லர் இசை படித்த கை. ஹேங்க் ஷாக்லிக்கு எந்த வாத்தியமும் தெரியாது. சுதி சேராத இரண்டு ஒலிகளை ஹேங்க் ஒன்றின் மேல் ஒன்று வைப்பார். காதுக்கு இதமாக இருந்தால் அவருக்குத் திருப்தி இல்லை. இரைச்சல்தான் வேண்டும் என்று தெரிந்தே செய்தார். நல்ல வேளை, அவர் ஜெயித்தார்.

அவர்கள் கையில் இருந்தது எஸ்.பி. 1200 என்ற சாம்ப்ளர், அதாவது இசைத்தட்டிலிருந்து ஒலித் துண்டுகளை எடுத்துச் சேமித்துத் திரும்ப ஒலிக்கவிடும் கருவி. அதில் மொத்தம் பத்து விநாடி ஒலியைத்தான் சேமிக்க முடியும். ஒரு துண்டு இரண்டரை விநாடிக்கு மேல் போகாது. அதனால் அந்தக் காலத்துத் தயாரிப்பாளர்கள் நிமிடத்துக்கு 33 சுற்றில் ஓட வேண்டிய இசைத்தட்டை 45இல் வேகமாக ஓடவிட்டுப் பதிந்துகொண்டு, பிறகு மெஷினில் வேகத்தைக் குறைப்பார்கள். இடம் மிச்சமாகும், ஒலி சொரசொரப்பாகும். உப்புத்தாள் தேய்ப்பதுபோன்ற அந்தச் சொரசொரப்பு இந்த ஆல்பம் முழுக்க இருக்கிறது. ஒரு பாட்டுக்குள் பத்துப் பதினைந்து பழைய இசைத்தட்டுகளின் துணுக்குகள். 'பேஸ்ஹெட்ஸ்' பாட்டில் அதற்கும் மேல். ஹெட்ஃபோனில் கேட்டால் இன்றைக்கும் புதிதாக ஏதாவது ஒன்று கிடைக்கும். போன மாதம்கூட அதுவரை கவனிக்காத ஒரு ஆண் குரலின் இருமல் போன்ற ஒலியைக் கவனித்தேன், இன்னும் அதைத் தேடிக்கொண்டிருக்கிறேன்.

விடுதியில் ஸ்பீக்கர் கோளாறு என்று நான் நினைத்த கிறீச்சொலி ஒரு சாக்ஸஃபோன். ஃபங்க் பாடகர் ஜேம்ஸ் பிரவுனோடு வாசித்த தி ஜே.பி.ஸ் குழுவின் 1970ஆம் வருட 'தி கிரண்ட்' என்ற இசைத்துண்டின் முதல் சில நொடிகள். ஊதியவர் ராபர்ட் மெக்கல்லோ. இந்தப் பெயர் பாட்டில் வரவில்லை. நானாகத் தேடி எழுதியது. அந்த இடத்தில்தான் இந்த ஆல்பத்தோடு எனக்கு முதல் மனத்தாங்கல் வந்தது.

அதே 'ரெபல்' பாட்டின் அடியில் ஓடும் தாளம் ஜேம்ஸ் பிரவுனின் 'ஃபங்கி ட்ரம்மர்' பாட்டிலிருந்து எடுத்தது. 1969 நவம்பரில் சின்சினாட்டியில் பதிவானது. பாட்டின் நடுவே எல்லா வாத்தியங்களையும் நிறுத்தச் சொல்லி ட்ரம்மருக்கு மட்டும் இடம் விடுகிறார் பிரவுன். எட்டு பார், அதாவது எட்டுத் தாளச் சுற்று நீளம், சுமார் இருபது விநாடி. ஹிப் ஹாப்பில் மிக அதிகமாக எடுத்தாளப்பட்ட தாளங்களில் இது ஒன்று. வாசித்தவர் டென்னஸியில் பிறந்த கிளைட் ஸ்டபிள்ஃபீல்ட். பாடல் உரிமையில் ஜேம்ஸ் பிரவுன் பெயர் மட்டுமே இருந்ததால் அந்தத் தாளத்தை யார் எடுத்தாலும் ஸ்டபிள்ஃபீல்டுக்கு ராயல்டி என்று எதுவும் சட்டப்படி வரவில்லை. பெயரும் போடப்படவில்லை. விஸ்கான்சினில் மேடிசன் நகரத்தில் வாழ்ந்து 2017 பிப்ரவரியில் இறந்தார்.

ஆல்பத்திலேயே இதைப் பற்றி ஒரு பாட்டு இருக்கிறது. 'காட், கேன் வி கெட் எ விட்னஸ்?' தாளத்தைத் திருடியதாகக் கூண்டில் நிறுத்தப்படுவதைக் கற்பனை செய்து பாடுகிறார் சக் டி. தாளம் என்பது தான் கண்டெடுத்த கனிமம், அதற்குக் காசு எதுவும் கொடுக்கவில்லை என்று வாதாடுகிறார். வாதம் அழகானது. பெரிய கம்பெனிகள் கறுப்பினக் கலைஞர்களிடமிருந்து பிடுங்கி வைத்திருந்த உரிமைகளை நினைத்தால் நியாயமும் இருக்கிறது. ஆனால் அந்தக் கனிமத்துக்குள் ஸ்டபிள்ஃபீல்டின் இரண்டு கைகள் இருக்கின்றன. வெசியின் பெயரைச் சொன்னவர்கள் இவர் பெயரையும் எங்காவது சொல்லியிருக்கலாம். சொல்லியிருந்தால் அந்தப் பாட்டு இன்னும் பெரிதாகியிருக்கும்.

கூண்டு கற்பனையாகவே நின்றுவிடவில்லை. 1991 டிசம்பரில் பிஸ் மார்க்கி என்ற ராப்பர் ஒரு பழைய பாட்டை அனுமதியில்லாமல் எடுத்த வழக்கில் நியூயார்க் நீதிபதி, திருடாதே என்ற பைபிள் கட்டளையோடு தீர்ப்பைத் தொடங்கினார். 2005இல் இன்னொரு நீதிமன்றம் இரண்டு விநாடி கிதார் ஒலியை எடுத்த வழக்கில், உரிமம் வாங்கு அல்லது எடுக்காதே என்றது. ஒரு பாட்டுக்குப் பதினைந்து துண்டு, ஒவ்வொன்றுக்கும் தனி உரிமம், தனிப் பேரம் என்றால் எந்தக் கம்பெனி துணியும்? இப்படி ஓர் ஆல்பத்தை இதே வகையில் இனிச் செய்ய முடியாது. அதற்கான கதவு ஐந்தாறு வருடம் மட்டும் திறந்திருந்தது, இவர்கள் அதற்குள் புகுந்து வேலையை முடித்துவிட்டார்கள்.

அந்த வருடங்களில் அமெரிக்காவில் என்ன நடந்துகொண்டிருந்தது என்பதற்கு ஒரே ஓர் எண் போதும். 1986இல் அவர்கள் நாடாளுமன்றம் ஒரு போதைப்பொருள் சட்டம் கொண்டுவந்தது. தூள் கோகெய்ன் அரைக் கிலோ வைத்திருந்து விற்கப் பிடிபட்டவருக்குக் குறைந்தபட்சம் ஐந்து வருடச் சிறை. அதே கோகெய்னைச் சமைத்துக் கட்டியாக்கிய கிராக் என்றால் ஐந்து கிராமுக்கே அந்த ஐந்து வருடம். ஐந்து கிராம் என்பது ஒரு தேக்கரண்டிச் சர்க்கரை. கிராக் வழக்குகளில் உள்ளே போனவர்களில் மிகப் பெரும்பாலோர் கறுப்பர்கள். நூற்றுக்கு ஒன்று என்றிருந்த அந்த விகிதத்தைப் பதினெட்டுக்கு ஒன்றாகக் குறைக்கவே 2010 ஆனது. 'பேஸ்ஹெட்ஸ்' பாட்டு பயன்படுத்துபவனையும் விற்பவனையும் விட்டுவைப்பதில்லை. சொந்தத் தெருவில் சொந்த ஆளுக்கே விற்கிறாயே என்று நேருக்கு நேர் கேட்கிறது. தொடக்கத்தில் கேட்ட பெயர் பறிப்பையும் இந்தப் போதையையும் ஒரே சங்கிலியின் இரண்டு கண்ணிகளாகப் பார்க்கும் பாட்டு. எனக்கு ஆல்பத்தில் மிகவும் பிடித்தது இதுதான்.

இரண்டாவது இடம் 'பிளாக் ஸ்டீல் இன் தி அவர் ஆஃப் கேயாஸ்'. அரசாங்கத்திடமிருந்து ஒருவனுக்குக் கடிதம் வருகிறது, ராணுவத்தில் சேரச் சொல்லி. என்னை ஒருபோதும் மதிக்காத நாட்டுக்காக நான் ஏன் துப்பாக்கி தூக்க வேண்டும் என்று மறுக்கிறான். சிறை. பிறகு கலவரம், தப்பித்தல். ஆறு நிமிடத்துக்கும் மேலாக ஒரு கதை. 1988இல் கட்டாய ராணுவ சேவை கிடையாது, 1973லேயே நின்றுவிட்டது. ஆனால் முகமது அலி வியட்நாம் போருக்குப் போக மறுத்துப் பட்டத்தை இழந்தது இந்தத் தலைமுறை பிள்ளைகளாக இருந்தபோது நடந்தது. ஐசக் ஹேய்ஸின் 1969ஆம் வருடப் பாட்டிலிருந்து எடுத்த ஒரு பியானோ துண்டு மட்டும் அசையாமல் ஓடிக்கொண்டே இருக்கும், சிறைச் சுவர் மாதிரி. 1995இல் பிரிட்டனின் இசைக்கலைஞர் டிரிக்கி இந்தப் பாட்டைத் திரும்பச் செய்தார். பாடியவர் மார்ட்டினா டாப்லி-பேர்ட் என்ற பெண். ராணுவத்தை மறுக்கும் அந்த வரிகளை ஒரு பெண் மெதுவாகப் பாடும்போது பாட்டு வேறொன்றாகிவிடுகிறது. கேட்டுப் பாருங்கள்.

பெண் என்றதும் சொல்லியாக வேண்டும். 'ஷி வாட்ச் சேனல் ஜீரோ?!' என்ற பாட்டை நான் தாண்டிவிடுவதில்லை, ஆனால் ஒவ்வொரு முறையும் முகம் சுளிக்கிறேன். நாள் முழுக்க டிவி தொடர் பார்க்கிறாள் என்று ஒரு பெண்ணைத் திட்டும் பாட்டு. டிவி பார்த்து மூளை மழுங்குவது பெண்களுக்கு மட்டும் நடப்பதுபோல. அந்தப் பெண்ணுக்குப் பெயர்கூட இல்லை.

அதைவிடப் பெரிய கறை ஒன்று இருக்கிறது. 1989 மே மாதம் வாஷிங்டன் டைம்ஸ் இதழில் வந்த பேட்டியில் ப்ரொஃபஸர் கிரிஃப், உலகத் தீமைகளில் பெரும்பாலானவற்றுக்கு யூதர்களே காரணம் என்கிற மாதிரி பேசினார். சக் டி தடுமாறினார். நீக்குவதாக அறிவித்தார், குழுவே கலைந்தது என்றார்கள், பிறகு மறுபடியும் கூடினார்கள். இந்த ஆல்பத்தில் கிரிஃபின் குரல் இருக்கிறது. சக் டி பாட்டில் புகழும், நேஷன் ஆஃப் இஸ்லாம் என்ற கறுப்பின இஸ்லாமிய அமைப்பின் ஃபராகானும், 'பேஸ்ஹெட்ஸ்' பாட்டைத் தொடங்கிவைக்கும் காலித் முகமதுவும் யூதர்களைப் பற்றி அருவருப்பான பேச்சுகள் பேசியவர்கள். என்னை உலுக்கிய அந்தப் பெயர் பறிப்பு வாக்கியத்தைச் சொன்ன அதே வாய்தான் இதையும் சொன்னது. இதை எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொள்ள முடியவில்லை. நோட்டில் அவர்களுக்கு எதிரே இதையும் எழுதி வைத்திருக்கிறேன். ஒரு மக்களின் வலியை இவ்வளவு துல்லியமாகச் சொல்லத் தெரிந்தவர்களுக்கு இன்னொரு மக்களின் வலி தெரியாமல் போனது எனக்கு இன்றும் வருத்தம்தான்.

விருதுகள், தரவரிசைகள் பற்றி அதிகம் சொல்ல விருப்பமில்லை. 1988இல் வில்லேஜ் வாய்ஸ் இதழ் விமர்சகர்களிடம் நடத்திய வாக்கெடுப்பில் முதலிடம். 2013இல் பப்ளிக் எனிமி ராக் அண்ட் ரோல் ஹால் ஆஃப் ஃபேமில் சேர்க்கப்பட்டார்கள். சரி.

எனக்கு அதைவிட முக்கியமாகப் படுவது ஒரு சின்ன விவரம். ஆல்பத்தை அவர்கள் கேசட்டுக்காகவே திட்டமிட்டார்கள். ஒரு பக்கம் வெள்ளி, இன்னொரு பக்கம் கறுப்பு என்று பெயர் வைத்து, இரண்டும் ஏறக்குறைய ஒரே நீளம். கடைசி நேரத்தில் பக்கங்களை மாற்றிப்போட்டார்கள். அதனால்தான் இப்போது லண்டன் ஹாமர்ஸ்மித் ஓடியன் அரங்கத்தில் 1987இல் பதிவான கூட்டத்தின் கூச்சலோடும் அபாயச் சங்கோடும் ஆல்பம் தொடங்குகிறது. மாற்றாமல் விட்டிருந்தால் முதலில் வந்திருப்பது 'ஷோ எம் வாட்சா காட்'. அதில் ராப்பே கிடையாது. ஒரு பெண் குரல் கறுப்பின வரலாற்றுப் பெயர்களை ஒன்றன்பின் ஒன்றாகச் சொல்லிக்கொண்டு போகும். சங்கோடு தொடங்குவதுதான் சரி, காது நிமிர்ந்துவிடும். ஆனாலும் சில நாட்களில் நான் சி.டி.யை நடுவிலிருந்து ஓடவிட்டுப் பழைய வரிசையில் கேட்பதுண்டு.

நோட்டின் முதல் பக்கத்தில் கீழே ஒரு பெயர் இருக்கிறது. 'ரெபல்' பாட்டில் சக் டி தன்னை 'செசிமார்ட்' ஆதரவாளன் என்று சொல்லிக்கொள்வார். ஜோஆன் செசிமார்ட். பிளாக் பேந்தர் இயக்கத்திலும் பிறகு கறுப்பர் விடுதலைப் படையிலும் இருந்தவர். 1973இல் நியூ ஜெர்சி நெடுஞ்சாலையில் நடந்த துப்பாக்கிச் சூட்டில் வெர்னர் ஃபோர்ஸ்டர் என்ற போலீஸ்காரர் இறந்தார். 1977இல் அந்தக் கொலைக்காக அவருக்கு ஆயுள் தண்டனை. தான் சுடவில்லை என்று அவர் கடைசிவரை சொன்னார். 1979இல் சிறையிலிருந்து தப்பினார், 1984இல் கியூபா அடைக்கலம் கொடுத்தது. 2013இல் எஃப்.பி.ஐ. தேடப்படும் பயங்கரவாதிகள் பட்டியலில் அவரைச் சேர்த்தது. அந்தப் பட்டியலில் ஏறிய முதல் பெண். செசிமார்ட் என்பது திருமணத்தில் வந்த பெயர், போலீஸ் சுவரொட்டிகளில் இருந்த பெயர். 1971லேயே அவர் தனக்கென்று வேறு பெயர் எடுத்துக்கொண்டுவிட்டார்: அசாட்டா ஷகூர்.

2025 செப்டம்பர் கடைசியில் ஒரு ராத்திரி போனில் செய்தி பார்த்தேன். ஹவானாவில் இறந்துவிட்டார், 78 வயது. வீட்டில் எல்லோரும் தூங்கியிருந்தார்கள். ஹெட்ஃபோனை மாட்டிக்கொண்டு 'ரெபல்' பாட்டைப் போட்டேன். மெக்கல்லோவின் சாக்ஸஃபோன் கிறீச்சிட்டது, ஸ்டபிள்ஃபீல்டின் தாளம் விழுந்தது, கொஞ்ச நேரத்தில் அந்தப் பெயர் வந்தது. அலமாரியிலிருந்து நோட்டை எடுத்தேன். 1947, ஒரு கோடு, காலி இடம். கோட்டுக்குப் பின்னால் 2025 என்று எழுதினேன். செசிமார்ட் என்பதை அடிக்கவில்லை. அதற்கு மேலே, பக்கத்தின் ஓரத்தில், அவர் எடுத்துக்கொண்ட பெயரை எழுதினேன்.